தீவகத் தேர்தல் பகிடி: ஆரைப் பாத்துச் சிரிக்கிறம்?

வடலி எழுதியது:

வணக்கம் உறவுகளே.

எங்கட சபைகளைப் பற்றி இப்ப ஓடித் திரியிற பகிடியளைப் பற்றிக் கொஞ்சம் கதைக்கோணும் எண்டுதான் இந்தத் திரியைத் துவங்கிறன். நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறை, காரைநகர் எண்டு யாழ்ப்பாணத் தீவகத்துக்கு நாலு பிரதேச சபை. 2025 மே 6 தேர்தல் முடிஞ்சதிலையிருந்து வட்ஸ்அப் குழுக்களுக்கு உறுப்பினர்மார்தான் தீனி. ஒருத்தர் கூட்டத்திலை எழுதிவைச்சதை வாசிக்கேக்கை தடக்குப்பட்டார், அதை வெட்டிப் பாட்டுப் போட்டு விட்டிருக்கினம். இன்னொருத்தர் மீன் விக்கிறவர், அவற்றை பெட்டி கட்டின சைக்கிளைப் படம் எடுத்துப் போட்டு "மாண்புமிகு வாகனம்" எண்டு எழுதியிருக்கு. ஒரு அக்கா கட்டின சீலையைப் பற்றியே ஒரு குழுவிலை விடிய விடியக் கதை.

அரசியல்வாதியைப் பகிடி பண்ணக் கூடாது எண்டு நான் சொல்ல வரேல்லை. பண்ணோணும். வாய் திறக்க ஏலாமல் இருந்த காலம் எப்பிடி எண்டு 90களிலை தீவுப் பகுதியிலை இருந்த ஆக்களைக் கேட்டால் சொல்லுவினம். இப்ப வாய் கிடைச்சிருக்கு. அதை எதுக்குப் பாவிக்கிறம் எண்டதுதான் என்ரை கேள்வி.

சின்ன ஊரிலை ஆளைப் பாத்துச் சிரிக்கிறது லேசு. வீடு தெரியும், அப்பு ஆரெண்டு தெரியும், எந்தக் கோயில் வீதி, என்ன தொழில் எல்லாம் தெரியும். சபையிலை கை உயர்த்தி என்னத்தை நிறைவேற்றினவர் எண்டு மட்டும் தெரியாது. சிரிப்பு போகவேண்டிய இடம் அந்தக் கை உயர்த்தின இடம். எங்கட பகிடி அங்கை போகேல்லை. உங்கட அபிப்பிராயத்தை எழுதுங்கோ.

---

பனிக்காடு எழுதியது:

வடலி, நான் இருவது வருசத்துக்கு மேலை வெளிநாட்டிலை. எனக்கு அங்கை வாக்கில்லை. இலங்கைச் சட்டத்திலை வெளிநாட்டிலை இருந்து வாக்குப் போட வழியுமில்லை. ஊர் றோட்டுக்கும், வாசிகசாலைக்கும், தெருவிளக்குக்கும் நாங்கள் காசு அனுப்புறம். அதுக்குப் பிறகு நாங்கள் ஒரு மீம் போட்டால் அதையும் பிழை எண்டு சொன்னால் என்ன செய்யிறது?

இன்னொண்டு. பகிடி எண்டால் ஆளைத் தொடத்தான் செய்யும். "பொறிமுறை"யைப் பாத்து ஆரும் சிரிக்கிறேல்லை. முகம் வேணும். கூத்திலை பபூன் ராசாவின்ரை நடையைத்தான் நடிச்சுக் காட்டுவான், ராசாவின்ரை வரிக் கணக்கை இல்லை.

---

வடலி எழுதியது:

பனிக்காடு அண்ணை, காசு அனுப்புறதை நான் குறைச்சுச் சொல்லேல்லை. புங்குடுதீவிலையும் காரைநகரிலையும் வெளிநாட்டுக் காசு இல்லாமல் நடந்திராத வேலை எவ்வளவோ இருக்கு.

ஆனா பபூன் ராசாவின்ரை நடையை நடிக்கிறது ராசாவுக்கு முன்னாலை. அதிலை ஒரு துணிவு இருக்கு. பத்து இருவது பேர் இருக்கிற சபையிலை, அதிகாரமே இல்லாத ஒரு விகிதாசார உறுப்பினரை (கட்சிப் பட்டியலாலை வந்தவரை) தெரிஞ்செடுத்து, அவருக்குத் தெரியாத குழுவிலை நடிச்சுக் காட்டுறதிலை என்ன துணிவு இருக்கு?

---

தீவான் எழுதியது:

வடலி சொல்லுறது சரி. அந்த வாசிக்கத் தடக்குப்பட்டவரைப் பற்றி நான் ஒண்டு சொல்லோணும்.

அண்டைக்கு நான் அந்தக் கூட்டத்திலை பொதுமக்கள் பக்கத்திலை இருந்தனான். சின்ன மண்டபம், மேலை காத்தாடி ஒண்டு சத்தம் போட்டுக்கொண்டு சுத்துது, சுவரோரம் பிளாஸ்ரிக் கதிரையள். கட்சிப் பேச்சாளர்மார் ரெண்டு பேர் முதல் அரை மணித்தியாலமும் தேசியம், ஐ.நா., சர்வதேசம் எண்டு பேசிச்சினம். அது ஒண்டும் நிகழ்ச்சி நிரலிலை இல்லை. பேந்துதான் இந்த மனிசன் எழும்பினவர். கொப்பித் தாளிலை பேனையாலை எழுதிக்கொண்டு வந்தவர். தண்ணிப் பவுசர் மாசத்திலை எத்தினை தரம் எந்த வட்டாரத்துக்குப் போச்சு, டீசல் கணக்கு எந்தப் புத்தகத்திலை பதியுது, பவுசர் ஓட்டப் பதிவை உறுப்பினர்மார் பாக்கலாமா எண்டு கேட்டவர். கை நடுங்கினது உண்மை. ரெண்டு இடத்திலை சொல்லுத் தடக்குப்பட்டதும் உண்மை.

அண்டைக்குக் கேட்ட கேள்வியளிலை பதில் சொல்லவேண்டி வந்த ஒரே கேள்வி அதுதான். செயலாளர் புத்தகத்தை எடுப்பிச்சவர். வீடியோவிலை அந்தத் துண்டு இல்லை. தடக்குப்பட்ட துண்டு மட்டும்தான் இருக்கு.

---

சாட்டி எழுதியது:

தண்ணி எண்டு வந்ததாலை எழுதிறன். தீவகத்திலை குடிதண்ணிதான் அரசியல், மிச்சம் எல்லாம் பிறகு. கனக்க இடத்திலை கிணறு உவர். சாட்டிப் பக்கத்து நல்ல தண்ணி இல்லாட்டில் எத்தினையோ குடும்பத்தின்ரை பாடு திண்டாட்டம். கோடை வந்தால் சனம் கலனை வரிசையிலை வைச்சிட்டு பவுசர் சத்தத்துக்குக் காது குடுத்துக்கொண்டு இருக்கும். அந்தப் பவுசர் எந்த ஒழுங்கைக்கு முதல் திரும்புது எண்டதிலை ஒரு உறுப்பினரின்ரை முழு நேர்மையும் தெரிஞ்சிடும்.

அதைப் பற்றி ஒரு கேலிச்சித்திரம் வரட்டும். நானே நாலு குழுவிலை போடுறன்.

---

கரம்பன் அக்கா எழுதியது:

சீலைக் கதை வந்ததாலை நான் எழுதாமல் இருக்க ஏலாது.

2018 தேர்தலிலைதான் முதன்முதல் உள்ளூராட்சியிலை பொம்பிளையளுக்கு 25 வீதம் எண்டு நடைமுறைக்கு வந்தது. எங்கட ஊர்க் கட்சியளுக்கு அப்பத்தான் பொம்பிளையளின்ரை ஞாபகம் வந்தது. வேட்புமனு முடியிற கிழமை வீடு வீடாய் வந்து "அக்கா பேரை மட்டும் தாங்கோ, ஒரு வேலையும் இல்லை" எண்டு கேட்டவை. எனக்குத் தெரிஞ்ச ஒரு பிள்ளை, முன்பள்ளி ரீச்சர், பேர் குடுத்தவ. பேர் மட்டும் குடுக்காமல் உண்மையிலேயே வேலை செய்தவ. வீட்டுக்கு வீடு நடந்தவ. அப்ப துவங்கினது பகிடி. "சமையல் முடிஞ்சுதோ உறுப்பினர்?" எண்டு ஒரு படம். புருசன்காரன் வள்ளத்துக்குப் போற ஆள், அந்த மனிசனை இறங்குதுறையிலை வைச்சு "தவிசாளர் ஐயா" (சபைத் தலைவர்) எண்டு கூப்பிட்டுச் சிரிச்சிருக்கினம். அடுத்த முறை கட்சி வந்து கேக்கேக்கை மனிசன் வாசல்லை வைச்சே அனுப்பிப்போட்டார்.

பட்டியல்லை பேர் போட்டு, வெற்றி வந்த பிறகு ஆருக்கு ஆசனம் எண்டு கட்சிச் செயலாளர் முடிவு செய்யிற முறையைப் பற்றி ஒரு பகிடி நான் இண்டுவரை காணேல்லை. அதுதானே உண்மையிலை கூத்து. வாக்குப் போட்ட சனத்துக்கு ஆர் வரப்போயினம் எண்டு தெரியாது, போட்டியிட்ட பிள்ளைக்கும் தெரியாது.

---

பாம்பன் எழுதியது:

வணக்கம். நான் ராமேஸ்வரம் பக்கத்துல இருந்து எழுதறேன், ரொம்ப நாளா வாசிக்கிறேன், இப்பதான் எழுதறேன். அக்கா சொன்னதைப் படிச்சதும் மனசு கேக்கல.

எங்க பக்கம் உள்ளாட்சில பெண்களுக்கு 50 சதவீதம். 2016ல சட்டம் வந்துச்சு. எண்ணிக்கை உங்களைவிட ரெட்டிப்பு. ஆனா தலைவரம்மா வீட்டுக்காரர் நாற்காலில உக்காந்து பஞ்சாயத்து நடத்துற கதை தமிழ்நாட்டுல பல ஊர்ல இருக்கு. அவரைக் கிண்டல் பண்றதில்ல, அந்தம்மாவைத்தான் பண்றாங்க.

இன்னொண்ணு சொல்லணும். எங்க ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பர்ல தேர்தல் நடந்து, 2025 ஜனவரி 5ஆம் தேதியோட பதவிக்காலம் முடிஞ்சுது. அதுக்கப்புறம் தனி அலுவலர் கைக்குப் போயிடுச்சு. கிண்டல் பண்றதுக்குக்கூட ஆள் இல்லாம போச்சு. உங்களுக்கும் 2023ல இதே மாதிரி ஆச்சுன்னு படிச்சேன், சரியா?

---

பழைய துறை எழுதியது:

சரி தம்பி பாம்பன். விவரமாச் சொல்லுறன், இஞ்சை கனபேருக்கு மறந்துபோச்சு.

2018 பெப்ரவரி 10 இலை தெரிஞ்ச சபையளின்ரை காலம் ஒரு வருசம் நீட்டுப்பட்டு 2023 மார்ச்சிலை முடிஞ்சுது. மார்ச் 9 இலை தேர்தல் எண்டு நாள் குறிச்சு, வேட்புமனுவும் வாங்கி, கட்டுப்பணமும் கட்டியாச்சு. திறைசேரி காசு விடேல்லை எண்டு தேர்தல் நடக்கேல்லை. வேட்புமனுப் போட்ட அரசாங்க உத்தியோகத்தர்மார் வேலைக்கும் போக ஏலாமல், தேர்தலும் இல்லாமல் நடுவிலை நிண்டு தவிச்சவை. 2024 ஓகஸ்ற் 22 இலை உயர் நீதிமன்றம் இது வாக்காளரின்ரை அடிப்படை உரிமை மீறல் எண்டு தீர்ப்புச் சொன்னது. பேந்து 2025 இலை விசேட சட்டம் கொண்டுவந்து பழைய வேட்புமனுவை ரத்துச் செய்து, புதுசா வாங்கி, மே 6 இலை தேர்தல்.

ரெண்டு வருசத்துக்கு மேலை நாலு தீவுச் சபையிலையும் தெரிவுசெய்யப்பட்ட ஒருத்தரும் இல்லை. செயலாளர் ஒப்பம் வைச்சா வேலை, இல்லாட்டில் இல்லை. அந்தக் காலத்திலை வந்த பகிடியை எண்ணிப் பாருங்கோ. ஒண்டையும் காணேல்லை. ஆள் வந்து கதிரையிலை இருந்த பிறகுதான் எங்களுக்குச் சிரிப்பு வருது.

அதைவிடப் பழைய கதை ஒண்டு. 1994 ஓகஸ்ற் பொதுத்தேர்தல். குடாநாடு புலிகளின்ரை கட்டுப்பாட்டிலை, வாக்களிப்பு நடந்தது எண்டு சொல்லக்கூடிய இடம் தீவுப் பகுதிதான். யாழ் மாவட்டத்துக்குப் பத்து ஆசனம். பத்தாயிரத்துச் சொச்சம் வாக்கோடை டக்ளஸ் தேவானந்தாவின்ரை கட்சியான ஈ.பி.டி.பி.யின்ரை சுயேச்சைக் குழுவுக்கு ஒன்பது ஆசனம் போச்சு. முழு மாவட்டத்துக்கும் பாராளுமன்றம் அனுப்பினது எங்கட தீவுகள். அண்டைக்கு அதைப் பற்றிக் கேலிச்சித்திரம் கீற ஊரிலை ஒருத்தராலும் ஏலாது. கீறியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு நான் இஞ்சை எழுதத் தேவையில்லை.

அதாலை பகிடி பண்ணுற பெடியளிலை எனக்குக் கோவம் இல்லை. சந்தோசம்தான். அவையின்ரை குறி சரியா விழோணும் எண்டுதான் ஆசை.

---

எழுவான் எழுதியது:

பழைய துறை ஐயா, 94 கணக்கு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும். நன்றி.

---

பனிக்காடு எழுதியது:

ஐயா சொன்ன 94 சரி. அதாலைதானே சொல்லுறன், கட்சியளை விட ஏலாது. தேர்தல் மேடையிலை ஒருத்தரை ஒருத்தர் துரோகி எண்டு சொன்னவை, ஜூன் மாசம் தவிசாளர் தெரிவு வந்தோடனை என்ன செய்தவை? தமிழரசுக் கட்சியின்ரை பதில் தலைவர் சி.வி.கே. சிவஞானம் டக்ளஸ் தேவானந்தாவைப் போய்ச் சந்திச்சு ஆதரவு கேட்டவர். மற்றப் பக்கம் சைக்கிள் சின்னத்துத் தமிழ்த் தேசிய மக்கள் முன்னணியும் சங்குச் சின்னத்து ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியும் ஒப்பந்தம். வீட்டுக்கு (தமிழரசின்ரை சின்னம்) வாக்குப் போட்டவன், வீணைக்கு (ஈ.பி.டி.பி.யின்ரை சின்னம்) எதிரா வாக்குப் போடுறன் எண்டுதான் போட்டவன். அவனுக்கு என்ன மறுமொழி? இதுக்குச் சிரிக்காமல் எதுக்குச் சிரிக்கிறது?

---

வடலி எழுதியது:

இதுக்குத்தான் சிரிக்கோணும்! நான் கேட்டதும் இதுதான். இந்தப் பகிடியிலை முகமும் இருக்கு, முடிவும் இருக்கு. ஆற்றையும் தொழிலோ சாதியோ இதுக்குள்ளை வரத் தேவையில்லை.

---

தீவான் எழுதியது:

பனிக்காடு அண்ணை, ஒரு விளக்கம் மட்டும். அந்தச் சந்திப்புகளுக்கு ஆசை மட்டும் காரணமில்லை, தேர்தல் முறையும் ஒரு காரணம்.

60 வீதம் வட்டாரம், 40 வீதம் விகிதாசாரம். வாக்காளனுக்கு ஒரு வாக்கு, விருப்பு வாக்குக் கிடையாது. மொத்த வாக்குப் பங்குக்கு ஏத்தமாதிரித்தான் கடைசியிலை ஆசனம் பிரிபடும். கனக்க வட்டாரத்தை வெண்ட கட்சிக்குப் பட்டியல்லை ஒண்டும் வராமல் போகலாம், வட்டாரம் ஒண்டும் வெல்லாத கட்சி பட்டியலாலை உள்ளுக்கு வரலாம். ஒரு கட்சிக்கு அரைவாசி கிடைச்சால் அவையே தவிசாளரை அறிவிக்கலாம். கிடைக்காட்டில் சபை கூடி வாக்கெடுக்கோணும். அந்த வாக்கெடுப்புப் பகிரங்கமோ ரகசியமோ எண்டதையும் உறுப்பினர்மார் வாக்கெடுத்துத்தான் முடிவு செய்வினம். சமனா வந்தால் திருவுளச்சீட்டு. பேரெழுதிச் சுருட்டிப் பெட்டிக்குள்ளை போட்டு ஒண்டை எடுக்கிறது.

யாழ் மாவட்டத்திலை 17 சபை. தமிழரசு கனக்க இடத்திலை முன்னுக்கு வந்தாலும் பெரும்பாலும் தனிப்பெரும்பான்மை இல்லை. அப்ப ஆரோடையாவது கைகோக்கத்தான் வேணும். ஆரோடை, என்ன உடன்பாட்டிலை எண்டு ஊருக்கு எழுத்திலை சொல்லாமல் விட்டதுதான் குற்றம்.

---

அனலை எழுதியது:

நீங்கள் எல்லாரும் சபைக்குள்ளையே நிக்கிறியள். சபையைத் தாண்டிப் பாருங்கோ.

அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு மூண்டுக்கும் சூரிய, காத்து மின்சாரம் எண்டு ஒரு திட்டம். 2021 இலை சீனக் கொம்பனிக்குக் குடுத்தவை. இந்தியா தன்ரை கரைக்குக் கிட்டச் சீனன் வரக்கூடாது எண்டு எதிர்த்தது. திட்டம் நிண்டுது. பேந்து இந்தியா 11 மில்லியன் டொலர் நன்கொடை தாறன் எண்டு, 2024 மார்ச்சிலை இந்தியக் கொம்பனியோடை ஒப்பந்தம். கொழும்பு, பெய்ஜிங், டெல்லி எல்லாம் எங்கட தீவின்ரை மின்விளக்கைப் பற்றிக் கதைச்சவை. அந்த மூண்டு வருசமும் நாங்கள் டீசல் மெசின் வெளிச்சத்திலை இருந்து செய்தி வாசிச்சம்.

இந்த விசயத்திலை எங்கட பிரதேச சபையை ஆர் கேட்டது? ஒருத்தரும் கேக்கேல்லை. சட்டத்திலை கேக்க வேண்டிய தேவையும் இல்லை. 1987 ஆம் ஆண்டு 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தை எடுத்து வாசியுங்கோ. பொதுச் சுகாதாரம், சபை றோட்டு, சந்தை, மயானம், வாசிகசாலை. வீடு காணிக்கு அறவிடுற சோலைவரி. இதுதான் எல்லை. தெருவிளக்கு பூட்டலாம், ஆனா கம்பம் பிரதேச சபையின்ரை இல்லை. பெரிய றோட்டு வீதி அபிவிருத்தி அதிகாரசபையின்ரை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலை கடலிலை ஓடுற மிதவைப் பாதையும் அவையின்ரை. கடல் கடற்படையின்ரை கண்ணுக்குள்ளை. நடுவிலை ஒரு உறுப்பினர் நிண்டு சனத்திட்டை ஏச்சு வாங்கிறார்.

அந்த மூண்டு தலைநகரத்தையும் பகிடி பண்ணுங்கோ. எனக்கு அப்ப வயிறு குலுங்கச் சிரிப்பு வரும்.

---

பாம்பன் எழுதியது:

அனலை அண்ணே சொன்னதுக்கு எங்க பக்கத்துல இருந்தும் ஒரு சாட்சி. எங்க ஊர்ல எந்தத் தேர்தல் வந்தாலும் கச்சத்தீவு வந்துரும். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்னாடி பிரதமரே பேசினார். 1974 ஒப்பந்தம், அதைக் குடுத்தது யாருன்னு ஒவ்வொரு கட்சியும் அடுத்த கட்சியைக் கை காட்டும். அந்தத் தீவுல ஒரு ஓட்டு கிடையாது, குடியிருக்கிறவங்க கிடையாது, அந்தோணியார் திருவிழாவுக்குத்தான் ஜனம் போறது. ஆனா தங்கச்சிமடத்துல மீன் இறங்குற இடத்துக்கு என்ன வசதி வேணும்னு அந்த மேடையில யாரும் பேசறதில்ல.

---

நெடுந்தீவு மேற்கு எழுதியது:

கச்சதீவு எங்கட நெடுந்தீவுப் பிரதேச செயலகத்துக்குக் கீழைதான் வருது. 2025 செப்ரெம்பர் 1 இலை ஜனாதிபதி அநுரவும் அங்கை போனவர். அண்டைக்கே மண்டைதீவிலை சர்வதேசக் கிரிக்கெற் மைதானத்துக்கு அடிக்கல்லும் வைச்சவர். ஆளில்லாத் தீவுக்கு ஜனாதிபதி வந்ததும் நல்லதுதான். ஆளிருக்கிற தீவிலை நோயாளியைக் கடலாலை கொண்டுபோற கஸ்ரத்தையும் அதே ஆக்கள் பாக்கோணும்.

பாம்பன் தம்பி, உங்கட பக்க இழுவைமடிப் படகுகளைப் பற்றியும் நீங்கள் ஒரு வசனம் எழுதியிருக்கலாம். எங்கட வலை அறுந்து போறது மேடைப் பேச்சாலை இல்லை.

---

பாம்பன் எழுதியது:

எழுதறேன் அண்ணே. இழுவைமடி தப்புன்னு சொல்ற மீனவங்க எங்க பக்கமும் நிறையப் பேர். நாட்டுப்படகு வச்சிருக்கிறவங்களுக்கும் அதே பாதிப்புதான். அதுக்குத் தனித் திரி போடுங்க, அங்க வந்து பேசறேன்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

இழுவைமடி பற்றிய கருத்துகளைத் தனித் திரியில் தொடரவும். இங்கே தேர்தல் நையாண்டி மட்டும். உறுப்பினர்களின் பெயர், படம், வீட்டு விவரம் எதையும் இணைக்க வேண்டாம். இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன.

---

கோட்டோவியன் எழுதியது:

நான் படம் கீறுற ஆள். இந்தத் திரியை மூண்டு தரம் வாசிச்சன். என்ரை தொழிலைப் பற்றிக் கதைக்கிறபடியால் நானும் எழுதிறன்.

நெடுந்தீவுக் குதிரைக்கு மாலை போட்டு, வேட்பாளராக் கீறின படம் என்ரைதான். சனம் நல்லாச் சிரிச்சது. அந்தப் படத்திலை நான் ஒரு உறுப்பினரையும் தொடேல்லை. வாக்குக் கேட்டு வாற கட்சியளின்ரை துண்டுப்பிரசுரத்திலை குதிரை, பெருக்குமரம், கோட்டை மூண்டும் இருக்கும், சனம் இருக்காது. அதைத்தான் கீறினன். அண்டைக்குக் குதிரைகள் தண்ணியில்லாமல் சாகிற கோடை.

பனிக்காடு அண்ணை சொன்னது எனக்கு விளங்குது. முகம் இல்லாட்டில் படம் எடுபடாது. ஆனா எந்த முகம் எண்டு தெரிஞ்செடுக்கிறது கீறுறவன்ரை கையிலை இருக்கு. நான் ஒரு வரைமுறை வைச்சிருக்கிறன். அந்த ஆள் அந்தப் பதவியிலை இல்லாட்டிலும் அவரிலை இருக்கக்கூடியதைக் கீறமாட்டன். திக்குவாய், கறுப்பு, பல்லு, தொழில், மனிசி, சாதி. இதெல்லாம் பதவிக்கு முதலும் இருந்தது, பிறகும் இருக்கும். பதவியாலை அவர் செய்ததை மட்டும் கீறுவன். ஒப்பம் வைச்ச பேனை, உயர்த்தின கை, வராத கூட்டத்திலை கிடந்த வெறுங் கதிரை.

இப்பிடிக் கீறினால் பகிர்வு குறையும். அது உண்மை. சீலைப் படத்துக்கு வாற சிரிப்பிலை காவாசியும் வராது. ஆனா உறுப்பினர் ஒருத்தர் எனக்குத் தனிமடல் போட்டு "வெறுங்கதிரை நானோ?" எண்டு கேட்டவர். அடுத்த கூட்டத்துக்கு வந்திருந்தார் எண்டு கேள்வி.

---

கரம்பன் அக்கா எழுதியது:

தம்பி கோட்டோவியன், அந்த வரைமுறையை எங்கட குழுவிலை நான் அப்பிடியே எழுதிப் போடலாமா? உங்கட பேர் போடமாட்டன்.

---

கோட்டோவியன் எழுதியது:

தாராளமாப் போடுங்கோ அக்கா. அந்த முன்பள்ளி ரீச்சரிட்டையும் காட்டுங்கோ.

---

பனிக்காடு எழுதியது:

பகிடிக்கு முகம் வேணும் எண்டதிலை நான் இப்பவும் நிக்கிறன். கோட்டோவியன் சொன்ன வரைமுறையோடையே நிக்கலாம், ரெண்டுக்கும் சண்டையில்லை.

ஆனா ஒரு கஸ்ரம் இருக்கு. வெளிநாட்டிலை இருக்கிற எங்களுக்குச் சபைக்குள்ளை என்ன நடக்குது எண்டு தெரியிற வழி அந்த வெட்டின வீடியோதான். கூட்டக் குறிப்பு வெளியிலை வாறேல்லை. பாதீடு (வரவு செலவுத் திட்டம்) வாறேல்லை. சீலையும் தடக்குப்பட்ட வாயும் மட்டும் வந்து சேருது. வாறதைத்தானே சனம் பகிடி பண்ணும்? மற்றதைக் கொண்டுவந்து தாங்கோ.

---

தீவான் எழுதியது:

இது நல்ல கேள்வி. பதிலும் இருக்கு.

2016 ஆம் ஆண்டு 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிரதேச சபைக்கும் பொருந்தும். ஒவ்வொரு சபையிலையும் தகவல் அலுவலர் இருக்கோணும். எழுத்திலை கேட்டால், தரலாமோ இல்லையோ எண்ட முடிவை 14 வேலைநாளுக்குள்ளை சொல்லோணும். என்ன காரணத்துக்குக் கேக்கிறம் எண்டு நாங்கள் சொல்லத் தேவையில்லை. மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம், கடைசியிலை ஆணைக்குழு வரைக்கும் போகலாம்.

இப்ப பாதீட்டுக் காலம். வருச முடிவுக்குள்ளை அடுத்த வருசப் பாதீடு சபையிலை வரும். அதுக்கு முதல் அந்த வரைபைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கோணும். இது வெறும் சடங்கு எண்டு நினையாதேங்கோ. பாதீடு ரெண்டாம் முறையும் தோத்தால் தலைவர் பதவியே போகக்கூடும். யாழ் மாநகர சபையிலை 2020 கடைசியிலை மேயர் இமானுவேல் ஆர்னோல்ட் பதவி இழந்தது அப்பிடித்தான். பேந்து வி. மணிவண்ணன் மேயரா வந்தவர். ஒரு தவிசாளர் உண்மையிலை பயப்பிடுற ஒரே நாள் பாதீட்டு நாள். அண்டைக்குப் பொதுமக்கள் கதிரையிலை ஊர்ச்சனம் பத்துப் பேர் இருந்தால் உள்ளுக்குக் கதைக்கிற கதையே மாறும்.

---

நெடுந்தீவு மேற்கு எழுதியது:

நல்லது. அப்ப நான் ஒரு பங்கு எடுக்கிறன். 2017 இலை வந்த நெடுந்தாரகைப் படகு எங்கட சபையின்ரை பொறுப்பு. ஒரு பயணிகள் படகை வைச்சுப் பராமரிக்கிறது நாலாயிரம் சனமளவிலை இருக்கிற தீவின்ரை சபைக்குச் சின்னப் பாரம் இல்லை. எரிபொருள், ஆக்கள் சம்பளம், கரையேத்தித் திருத்திற செலவு. சோலைவரியாலை இதைத் தாங்க ஏலுமா, மாகாணம் எவ்வளவு தருது, ரிக்கற் காசு எவ்வளவு வருது எண்டு கேட்டு எழுதிறன். ஆரிலையும் பிழை பிடிக்க இல்லை. கணக்குத் தெரிஞ்சால்தான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது எண்டு தெரியும்.

---

சாட்டி எழுதியது:

பவுசர் ஓட்டப் பதிவு என்ரை பொறுப்பு. எந்த வட்டாரம், எத்தினை ஓட்டம், எத்தினை லீற்றர். கோடை மாசங்கள் மட்டும் போதும்.

---

எழுவான் எழுதியது:

எழுவைதீவும் அனலைதீவும் ஊர்காவற்றுறைச் சபைக்குள்ளை வருது. எங்களுக்கு ஒரு கூட்டத்துக்குப் போய் வாறதே ஒரு நாள் வேலை, கடைசி வள்ளம் போயிட்டால் இரவு ஆற்றையும் வீட்டிலைதான். அதாலை கூட்டத்திலை இருக்க ஏலாது. சபையிலை எங்கட ரெண்டு தீவின்ரை பேர் எத்தினை தரம் குறிப்பிலை வந்திருக்கு எண்டு கூட்டக் குறிப்பைக் கேட்டு எழுதிறன்.

---

பழைய துறை எழுதியது:

பிள்ளையள், விண்ணப்பத்தைத் தமிழிலை எழுதுங்கோ, திகதி போடுங்கோ, ஒரு பிரதி கையிலை வைச்சிருங்கோ. குடுத்ததுக்குப் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்குங்கோ. பற்றுச்சீட்டு இல்லாட்டில் நாள் எண்ண ஏலாது.

---

வடலி எழுதியது:

நன்றி ஐயா. வேலணைப் பாதீட்டு வரைபைப் போய்ப் பாத்துக் கொப்பி எடுக்கிறது என்ரை வேலை. காரைநகருக்கு ஒருத்தரும் இன்னும் கை உயர்த்தேல்லை, அந்தப் பக்கம் இருக்கிற உறவுகள் ஆராவது எழுதுங்கோ.

பதில்கள் வர வர இந்தத் திரியிலையே போடுவம். கோட்டோவியன், உங்களுக்கு முகம் வேணுமெண்டால் அந்தக் கணக்குகளுக்குள்ளை தேடுங்கோ. பனிக்காடு அண்ணை, நீங்கள் அதை அங்கத்தைக் குழுக்களிலை பகிருங்கோ, சீலைப் படத்தைப் பகிர்ந்த அதே குழுக்களிலை.

---

பனிக்காடு எழுதியது:

பகிருறன். காரைநகருக்கு என்ரை மச்சான்ரை மகள் இருக்கிறாள், சட்டம் படிக்கிறவள். இண்டைக்கு இரவு கோல் எடுத்துக் கேக்கிறன்.